முசுமுசுக்கைச் சாரமும் பரசிட்டமோல் சுண்டெலியும்: ஈரலைக் காத்தது இலையா, கரைப்பானா?

கின்சி_வீதி

பரசிட்டமோல் சிதைக்கும் ஈரலை முசுமுசுக்கை இலைச் சாரம் காக்குமா என்று சுண்டெலியில் சோதித்தேன். தரவு அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகத்தோடு இங்கே போடுகிறேன்.

முசுமுசுக்கை இலை, நிழலில் உலர்த்தி அரைத்த தூள் 100 கிராம். 70 சதவீத எதனோல் 1 லீற்றரில் 72 மணி நேரம் ஊறல், வடிகட்டல், 45 பாகையில் ரோட்டாவேப்பரில் (சுழல் ஆவியாக்கி) எதனோலை நீக்கல், பிறகு உறையவைத்து உலர்த்தல். கிடைத்த சாரம் 12 கிராம். ஐ.சி.ஆர். என்ற ஆய்வுகூட இனத்து ஆண் சுண்டெலி, குழுவுக்கு 8. சாரம் 500 மி.கி./கி.கி. வாய்வழி, 7 நாள். கடைசி வேளை கொடுத்து 1 மணி நேரத்தில் பரசிட்டமோல் 300 மி.கி./கி.கி. வயிற்றறைக்குள் ஊசி. முதல் நாள் இரவு 12 மணி நேரம் பட்டினி. 24 மணியில் இரத்தம்.

ஏ.எல்.ரி. (ஈரல் கலம் சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் நொதியம்): சாதாரணக் குழு 40 அளவில். பரசிட்டமோல் மட்டும் பெற்றவை 800 இலிருந்து 9000 வரை சிதறிக் கிடக்கின்றன. அதில் ஒன்று வெறும் 210. சாரம் பெற்ற குழுவில் 100ஐத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே சாரத்தை ஊசி போட்டு 2 மணி நேரத்துக்குப் பிறகு கொடுத்த குழுவில் ஒரு பலனும் இல்லை.

முன்னால் கொடுத்தால் முழுக் காப்பு, பின்னால் கொடுத்தால் பூச்சியம். இதை எப்படி விளங்கிக்கொள்வது?

சோதனைக்குழாய்

முதல் கேள்வி: சாரத்தை எதில் கரைத்தீர்கள்?

கின்சி_வீதி

தண்ணீரில் கட்டி கட்டியாக நின்றது. 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் சேர்த்தேன், கிலோவுக்கு 10 மி.லீ. கொடுத்தேன். பரசிட்டமோல் குழுவுக்கு அதே அளவு தண்ணீர். 2 மணிக்குப் பின் கொடுத்த குழுவுக்கும் டி.எம்.எஸ்.ஓ. தான்.

சோதனைக்குழாய்

அப்படியானால் நீங்கள் சோதித்தது முசுமுசுக்கையை அல்ல.

கணக்குப் பாருங்கள். 10 மி.லீ.யில் 10 சதவீதம் என்றால் கிலோவுக்கு 1 மி.லீ. டி.எம்.எஸ்.ஓ. அது ஒன்றே போதும். பரசிட்டமோல் தானாக ஈரலைச் சுடுவதில்லை. பெரும்பகுதி குளுக்குரோனைட்டாகவும் சல்பேற்றாகவும் மாறிச் சிறுநீரில் போய்விடும். சிறு பங்கைத்தான் சி.வை.பி. 2இ1 நொதியம் நாப்குவி என்ற வெறிபிடித்த மூலக்கூறாக மாற்றுகிறது. ஈரலின் காப்புச் சேர்மமான குளுட்டத்தயோன் அதைப் பிடித்து அடக்கும். குளுட்டத்தயோன் வற்றிய பிறகு நாப்குவி இழைமணிப் புரதங்களில் போய் ஒட்டும், கலம் சாகும். மத்திய நாளத்தைச் சுற்றி முதலில் சாவதற்குக் காரணமும் அந்த நொதியம் அங்கேதான் செறிந்திருக்கிறது என்பதே.

டி.எம்.எஸ்.ஓ. அந்த நொதியத்தையே பிடித்து வைத்துக்கொள்ளும். நாப்குவி உருவாகாது, ஈரலும் சாகாது. சரியாக ஆவியாக்காத சாரத்தில் மிஞ்சிய எதனோலும் இதே வேலையைச் செய்யும். உங்கள் 2 மணிக் குழு ஏன் தோற்றது என்பதற்கும் பதில் இதுதான்: அந்நேரம் நாப்குவி பெரும்பாலும் உருவாகி முடிந்துவிட்டது. அடைக்க வேண்டிய கதவு ஏற்கெனவே திறந்து போயிற்று.

இது உங்கள் ஒருவருடைய தவறு அல்ல. 2011இல் யேஷ்கேயும் கூட்டாளிகளும் எழுதிய மீளாய்வு முழுக்க இதைப் பற்றியதுதான்: தாவரச் சாரம் ஈரலைக் காத்தது என்று வரும் கட்டுரைகளில் பல, சாரம் பரசிட்டமோலின் வளர்சிதைமாற்றத்தைத் தடுத்ததா என்று பார்ப்பதே இல்லை.

கின்சி_வீதி

போச்சு. ஆனால் முசுமுசுக்கைக்கு முன்வேலை இருக்கிறதே. 1989இலேயே இங்கத்தைய ஆட்கள் ஹீன் போவிட்டியா என்ற மூலிகையோடு சேர்த்து அதை, ஈரலைச் சிதைக்கும் நஞ்சான காபன் நாற்குளோரைட்டுக்கு எதிராகச் சோதித்து நல்ல முடிவு கண்டிருக்கிறார்கள்.

சோதனைக்குழாய்

கண்டார்கள், நல்ல வேலைதான். ஹீன் போவிட்டியாவில் தாப்ரூவின் குழு பல ஆண்டு உழைத்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: காபன் நாற்குளோரைட்டையும் நஞ்சாக்குவது அதே சி.வை.பி. 2இ1 தான். ஆக, இந்த இரண்டு மாதிரியிலும் ஒரு சாரம் வென்றால் அது இரண்டு சாட்சி அல்ல, ஒரே சாட்சி இரண்டு தரம் கூண்டில் ஏறியது. கலற்றோசமைன் என்ற வேறொரு ஈரல் நஞ்சை வைத்துப் பாருங்கள். அது யூரிடின் நியூக்கிளியோரைட்டுகளை வற்றச் செய்து கொல்கிறது, இந்த நொதியத்தின் தயவு அதற்குத் தேவையில்லை. அங்கேயும் காத்தால் பேசலாம்.

அலைநீளம்340

டி.எம்.எஸ்.ஓ. கதை சரி. 800க்கும் 9000க்கும் இடையிலான சிதறலை அது விளக்காது. அந்தக் குழுவுக்குத் தண்ணீர்தானே கொடுத்தீர்கள்?

பரசிட்டமோலை என்ன செறிவில் கரைத்தீர்கள், ஊசி ஏற்றும்போது என்ன வெப்பம்?

கின்சி_வீதி

சேலைனில் மி.லீ.க்கு 30 மி.கி. சுடவைத்துக் கரைத்தேன். தெளிவாகத்தான் இருந்தது. 8 சுண்டெலிக்கும் ஒரே போத்தலிலிருந்து.

அலைநீளம்340

சுடும்போது தெளிவாகத்தான் இருக்கும். அறைவெப்பத்தில் பரசிட்டமோல் மி.லீ.க்கு 14 மி.கி. அளவில்தான் கரையும். ஏ.சி. போட்ட விலங்கறையில் மூன்றாவது சுண்டெலியைப் பிடிக்கும்போதே சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள்: உட்சுவரில் மெல்லிய ஊசி ஊசியாகப் பளிச்சிடும். அதெல்லாம் மருந்து. முதலாவதுக்கு முழு அளவு, கடைசிக்குப் பாதி அளவு, ஊசி முனையில் அடைப்பு வந்தால் அதற்கும் கீழே.

15 மி.கி./மி.லீ. செய்யுங்கள். 25 கிராம் சுண்டெலிக்கு 7.5 மி.கி., அதாவது 0.5 மி.லீ. அது கிலோவுக்கு 20 மி.லீ.; வயிற்றறை ஊசிக்கு மேல்வரம்பை ஒட்டியது, ஆனால் சமாளிக்கும். போத்தலை 40 பாகைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுண்டெலிக்கும் புதிதாக இழுங்கள். குழு குழுவாக ஊசி போடாதீர்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒன்று, பிறகு அடுத்த சுற்று. இல்லாவிட்டால் நேர வித்தியாசமும் குளிர்ந்த கரைசலும் ஒரே குழுவின் தலையில் விழும்.

பட்டினியையும் சரிபாருங்கள். வயிறு நிறைந்த சுண்டெலியிடம் குளுட்டத்தயோன் நிறைய இருக்கும், அது தப்பிவிடும். உணவுத்தட்டை எடுத்துவிட்டோம் என்று நினைப்போம். மரத்தூளுக்குள் மூன்று துண்டு உணவு புதைந்து கிடக்கும். பட்டினி தொடங்கும்போது கூட்டையே மாற்றுங்கள்.

இனி அந்த 210. அந்தச் சுண்டெலியின் ஈரல் பார்க்க எப்படி இருந்தது?

கின்சி_வீதி

அதுதான் வேடிக்கை. மற்றவற்றைவிட மோசம். மேற்பரப்பு முழுக்கச் சிவப்புப் புள்ளி, வெட்டினால் இரத்தம் கசிந்தது.

அலைநீளம்340

வேடிக்கை இல்லை, விடை. ஏ.எல்.ரி. சோதனைக் கிட்டில் நாங்கள் நேரடியாக நொதியத்தைப் பார்ப்பதில்லை; 340 நானோமீற்றரில், அந்தச் சோதனையில் செலவாகும் என்.ஏ.டி.எச். என்ற சேர்மம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கிறோம். சீரத்தில் ஏ.எல்.ரி. மிதமிஞ்சி இருந்தால், கருவி வாசிக்கத் தொடங்கும் முன்னரே என்.ஏ.டி.எச். முழுக்கச் செலவாகிவிடும். பிறகு கோடு தட்டையாகப் போகும். தட்டைக்கோட்டைக் கருவி "குறைவு" என்று மொழிபெயர்க்கும். சாகக் கிடந்த சுண்டெலி உங்கள் அட்டவணையில் ஆரோக்கியசாலி ஆனது அப்படித்தான்.

சீரத்தைச் சேலைனில் 20 மடங்கு ஐதாக்கி மறுபடி வாசியுங்கள். பரசிட்டமோல் பெற்ற எல்லா மாதிரியையும் ஐதாக்கியே வாசிப்பது நல்லது, சந்தேகமானதை மட்டும் அல்ல. மற்ற ஈரல் நொதியமான ஏ.எஸ்.ரி.யை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். இரத்தம் எடுக்கையில் செங்கலம் உடைந்தாலே அது ஏறும்.

சித்தன்போக்கு

வைத்தியப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. இலை எங்கே வாங்கினது?

முசுமுசுக்கையில் பெரிய குழப்பம் வராது. தடவினால் கையைச் சுரண்டும், அதுவே அடையாளம். கீழாநெல்லிக்குப் போனால்தான் சிக்கல். புறக்கோட்டை கபோஸ் லேனில் பிட்டவக்கா (கீழாநெல்லியின் சிங்களப் பெயர்) என்று கேட்டால் இரண்டு மூன்று இனம் கலந்த கட்டு வரும். காய்ந்து நொறுங்கியதில் பிரித்தறியவே முடியாது. பச்சையாக எடுத்துப் பூவைக் கைவில்லையில் பாருங்கள். பில்லாந்தஸ் அமாரஸ் என்றால் இதழ் 5. டெபிலிஸ், யூரினேரியா இரண்டுக்கும் 6. யூரினேரியாவின் தண்டு சிவந்திருக்கும், காயில் சொரசொரப்பு இருக்கும். "பில்லாந்தஸ் நிரூரி" என்று கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அசல் நிரூரி மேற்கிந்தியத் தீவுப் பக்கத்துச் செடி. எங்கள் வேலியோரத்தில் முளைப்பது அது இல்லை.

அடுத்தது, கசாயம் வேறு, நீங்கள் எடுக்கும் சாரம் வேறு. இங்கே ஆயுர்வேத முறையில் 12 கழஞ்சு சரக்கு, ஏறக்குறைய 60 கிராம், 8 பத்த தண்ணீரில் போட்டு ஒரு பத்தயாக, அதாவது 1920 மி.லீ.யை 240 மி.லீ.யாக வற்றக் காய்ச்சுவது. தண்ணீரில் தனினும் சர்க்கரையும் உப்பும் வரும். பில்லாந்தின் போன்ற லிக்னன் வகைச் சேர்மங்கள் தண்ணீரை எட்டிப் பார்ப்பதோடு சரி. அவை எதனோலுக்குத்தான் வரும். எதனோல் சாரத்தில் கண்ட முடிவைக் காட்டிக் கசாயத்தை விற்பது ஒரு மருந்தின் பெயரில் இன்னொன்றைக் கொடுப்பது. வைத்தியர்கள் பக்கத்திலும் இந்தக் குற்றம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

மருதானை_மகன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அம்மா காசநோய் மருந்து தொடங்கி மூன்றாம் வாரம். சாப்பாடு இறங்கவில்லை, ஓங்காளம், கண் கொஞ்சம் மஞ்சள். ஏ.எல்.ரி. 240, ஆய்வுகூடத்தின் மேல்வரம்பு 40. மருந்தை நிறுத்தாமல், ஈரலுக்குக் காப்பாக மில்க் திஸில் குளிசையும் மஞ்சள் கப்சியூலும் ரணவரா தேத்தண்ணியும் கொடுக்கலாம் என்று சொல்கிறார்கள். எது நல்லது?

மருந்தாளர்_பொரளை

தம்பி, மூன்றும் வேண்டாம். இன்றைக்கே அம்மாவை மார்பு நோய் கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். இரவாகிவிட்டால் அவசரப் பிரிவுக்கு. அடுத்த வேளைக் குளிசையைக் கொடுக்கும் முன்னர் போய்க் காட்டுங்கள்.

காரணம்: அறிகுறி இருந்தால் மேல்வரம்பின் 3 மடங்கு, அறிகுறி இல்லாவிட்டால் 5 மடங்கு. அதைத் தாண்டினால் ஈரலைத் தாக்கும் மருந்துகளை நிறுத்துவதுதான் விதி. உங்கள் அம்மாவுக்கு 6 மடங்கு, வாந்திக்குணமும் மஞ்சளும் வேறு. ரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் அது சாதாரணமாகக் கண்ணை மஞ்சளாக்காது. கண் மஞ்சள் என்றால் பிலிருபின். ஏ.எல்.ரி. 3 மடங்குக்கு மேலும் பிலிருபின் 2 மடங்குக்கு மேலும் ஒன்றாகப் போனால், மருந்தால் வந்த ஈரல் சேதத்தில் பத்துப் பேரில் ஒருவர் அளவுக்கு உயிராபத்து. பிலிருபினையும் இரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர்.ஐயும் இன்றே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நிறுத்தினால் காசநோய் என்ன ஆகும் என்று யோசிப்பீர்கள். ஏ.எல்.ரி. இறங்கிய பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார்கள்; வழக்கமாக முதலில் ரிபாம்பிசின், சில நாள் பார்த்து ஐசோனியசிட். பைரசினமைட்டைக் கடைசியில், அல்லது சேர்க்காமலே விட்டுவிடுவார்கள். இதை வீட்டில் நீங்களாகச் செய்யக்கூடாது. அரைகுறையாக எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

அந்த மூன்றும் ஏன் வேண்டாம் என்றால்: மில்க் திஸில் பெரிய தீமை செய்யாது, ஆனால் காசநோய் மருந்தின் ஈரல் சேதத்தைத் தடுக்கிறதா என்று பார்த்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண். அதை நம்பி மருந்தைத் தொடர்வதுதான் ஆபத்து. மஞ்சள் கப்சியூல் கறிக்குப் போடும் மஞ்சள் இல்லை. உறிஞ்சலைக் கூட்ட மிளகின் பிப்பரின் சேர்த்த கப்சியூல்களால் ஈரல் அழற்சி வந்தது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது; எச்.எல்.ஏ.-பி 35:01 மரபணு வகை உள்ளவர்களுக்குக் கூடுதலாக. பிப்பரின் மற்ற மருந்துகளின் இரத்த அளவையும் ஏற்றும். ரணவராவைப் பற்றிச் சித்தன்போக்கு ஐயா சொல்வார்.

அம்மா குடிக்கும் கசாயம், கப்சியூல், இருமல் பாணி எல்லாவற்றையும் போத்தலோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "வேறு மருந்து எதுவும் எடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டு வந்தால் வைத்தியர் தேடுவது இருட்டில்தான்.

மருதானை_மகன்

நன்றி அக்கா. வெளிக்கிடுகிறோம்.

சித்தன்போக்கு

ரணவரா, தமிழில் ஆவரசு. 1981இல் பேராதனையில் ஆர்சக்குலரத்ன குழு இலங்கை மூலிகைகளைச் சோதித்தபோது பைரோலிசிடின் அற்கலொயிட்டுகள் தென்பட்டவற்றில் கிலுகிலுப்பை இனம் ஒன்றோடு ஆவரசும் இருந்தது. அந்தச் சேர்மங்கள் ஈரலின் நுண்நாளங்களை அடைக்கும். வீட்டில் எப்போதாவது ஒரு கோப்பை குடித்தவர் பதறத் தேவையில்லை. ஈரல் ஏற்கெனவே புண்பட்டவருக்கு அதைக் காப்பென்று கொடுப்பது வேறு விடயம்.

சீந்திலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ரசகிந்த என்று எல்லாரும் வாங்குகிறார்கள். 2021இல் மும்பையிலிருந்து, சீந்தில் எடுத்தவர்களுக்குத் தன்னெதிர்ப்பு வகை ஈரல் அழற்சி வந்ததாகக் கட்டுரை வந்தது. இந்திய ஆயுஷ் அமைச்சு அதை ஏற்கவில்லை. சண்டை ஒருபுறம் நடக்கட்டும். தைரொயிட் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவருக்கு நான் அதை எழுதமாட்டேன்.

இலைக்கஞ்சி

எல்லாரும் மூலிகையைப் பயங்காட்டுகிறீர்கள். செங்கமாரிக்கு (மஞ்சட்காமாலைக்கு) கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்துச் சுகப்பட்டவர்கள் எத்தனை ஆயிரம்?

மருந்தாளர்_பொரளை

ஏ வகை ஈரல் அழற்சி பெரும்பாலானோருக்குச் சில வாரத்தில் தானாகவே மாறும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். 1988இல் லான்செட்டில் சென்னை ஆய்வு வந்தது, பி வகை வைரசைக் காவியவர்களுக்குக் கீழாநெல்லித் தூள் 200 மி.கி. நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு அன்ரிஜன் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அதுவும் வைரசுக்கு, மருந்தால் வரும் சேதத்துக்கு அல்ல.

பனடோல் கூடிப்போனவர்களுக்கு இலை அரைக்கும் நேரத்தில் உயிர் போகும். மாற்று மருந்தான என்.ஏ.சி.யை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஈரல் பெரும்பாலும் தப்பும். வழமையான நாளவழி முறை: கிலோவுக்கு 150 மி.கி. ஒரு மணி நேரத்தில், அடுத்து 50 மி.கி. 4 மணி நேரத்தில், பிறகு 100 மி.கி. 16 மணி நேரத்தில். 60 கிலோ ஆளுக்கு 9, 3, 6 கிராம். முதல் நாள் நோயாளி எழும்பி இருந்து தேத்தண்ணி குடிப்பார், ஒன்றுமில்லை என்று வீட்டுக்குக் கேட்பார். ஏ.எல்.ரி. ஏறுவது அதற்குப் பிறகுதான். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, வைத்தியர்கள் அங்கே கேட்கலாம்.

டெங்குக் காலத்தில் இன்னும் கவனம். வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 4 கிராம், 500 மி.கி. குளிசை 8, அதுதான் உச்சம். தடிமன் குளிசையிலும் பரசிட்டமோல் ஒளிந்திருக்கும். டெங்கு தானும் ஈரலைத் தாக்கும். காய்ச்சல் இறங்கவில்லை என்று குளிசையைக் கூட்டிவிட்டு, காப்புக்குப் பப்பாசி இலைச்சாறு கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

அலைநீளம்340

கின்சி, அளவைப் பற்றியும் ஒன்று. சுண்டெலியில் 500 மி.கி./கி.கி. என்றால் மனிதருக்கு உடல் மேற்பரப்புக் கணக்கில் 12.3ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 41 மி.கி./கி.கி. 60 கிலோவுக்கு 2.4 கிராம் சாரம். உங்கள் விளைச்சல் 12 சதவீதம், ஆகவே நாளுக்கு 20 கிராம் உலர்ந்த இலை. பச்சை இலையில் அதைப்போலப் பல மடங்கு. இதைக் கட்டுரையில் ஒரு வரி எழுதுங்கள். "பாரம்பரியப் பாவனையை உறுதிப்படுத்துகிறது" என்ற கடைசி வரி தானாகவே அழிந்துவிடும்.

கின்சி_வீதி

சரி, திருத்திய திட்டம். கரைப்பான் எல்லாக் குழுவுக்கும் 0.5 சதவீத சி.எம்.சி. (தூளைத் தண்ணீரில் மிதக்கவைக்கும் பசை), டி.எம்.எஸ்.ஓ. இல்லை. பழைய கேள்வியை மூடுவதற்காக டி.எம்.எஸ்.ஓ. மட்டும் பெறும் ஒரு சிறு குழு. சாரம் முன்னால் ஒரு குழு, ஊசிக்கு 1.5 மணி பின்னால் ஒரு குழு. ஒப்பீட்டுக்கு என்.ஏ.சி. 300 மி.கி./கி.கி., அதுவும் 1.5 மணியில். சிலிமரின் (மில்க் திஸில் சாரம்) போடட்டுமா?

சோதனைக்குழாய்

சிலிமரின் வேண்டுமானால் போடுங்கள், ஆனால் என்.ஏ.சி.க்குப் பதிலாக அல்ல. வழக்கத்துக்காக எல்லாரும் 100 மி.கி./கி.கி. போடுகிறார்கள்; தண்ணீரில் கரையாது, அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் குலுக்கி இழுக்க வேண்டும்.

முக்கியமானது ஒன்று விடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் 4 சுண்டெலியை 30 நிமிடத்தில் எடுத்து ஈரல் குளுட்டத்தயோனைப் பாருங்கள். பரசிட்டமோல் குழுவில் அது பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குக்கு விழுந்திருக்க வேண்டும். முன்கூட்டிச் சாரம் பெற்ற குழுவிலும் அப்படியே விழுந்து, அதன் பிறகும் ஏ.எல்.ரி. குறைந்தால், நாப்குவி உருவான பிறகு எதுவோ காத்திருக்கிறது. விழவே இல்லை என்றால் நொதியத்தைத்தான் அடைத்திருக்கிறீர்கள். வசதி இருந்தால் 2 மணியில் புரதத்தில் ஒட்டிய பரசிட்டமோலும், கலத்தின் அழுத்தச் சமிக்ஞை நொதியமான ஜே.என்.கே.யும் பாருங்கள்.

ஈரலை வெட்டிய கையோடு 5 சதவீத சல்போசலிசிலிக் அமிலத்தில், பனிக்கட்டி மேல் அரையுங்கள். மேசையில் ஐந்து நிமிடம் கிடந்தாலே குளுட்டத்தயோன் ஒட்சியேறும், பிறகு 412 நானோமீற்றரில் நீங்கள் அளப்பது உங்கள் தாமதத்தை.

கின்சி_வீதி

அமிலக் குழாய்களை முதல் நாளே நிறுத்து, பெயரிட்டு வைக்கிறேன். இலைக்கு மாதிரி ஏடு (செடியின் பெயரை உறுதிப்படுத்த அழுத்தி உலர்த்திய மாதிரி) பேராதனைக்கு அனுப்ப வேண்டும்; காய்ந்த இலைத்தூள்தான் மிச்சம்.

சித்தன்போக்கு

தூளை வைத்து யாரும் பெயர் சொல்லமாட்டார்கள். புதிதாகப் பிடுங்குங்கள். பூவும் காயும் பற்றுக்கம்பியும் உள்ள கொடித்துண்டு, இலையின் மேல்பக்கம் ஒன்று கீழ்ப்பக்கம் ஒன்று தெரிய பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி, தாளைத் தினம் மாற்றுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். சோதனைக்கான இலையையும் அதே கொடியிலிருந்து எடுங்கள்.

கின்சி_வீதி

பழைய தொகுதித் தூளைத் தூக்கிப் போட்டாயிற்று. 20 மடங்கு ஐதாக்கி அந்த 210ஐ மறுபடி வாசித்தேன்: 11,400.